கிளச் வழுக்கினால் கலங்க வேண்டாம்



மோட்டார் சைக்கிள் ஆண்களுக்குரிய விடயம் என்று நாம் ஒதுங்கி நின்ற காலம் போய்விட்டது. வடக்கிலும் கிழக்கிலும் வேலைக்கும் சந்தைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் பெண்கள் மோட்டார் சைக்கிளில் போவது இன்று யாருக்கும் புதினமில்லை. மலையகத் தோட்டங்களிலும் அந்தக் காட்சியை இப்போது காண்கிறோம். ஆனால் ஓட்டப் பழகிய நம்மில் பலர், அது கோளாறு கொடுத்ததும் கைகட்டி நின்றுவிடுகிறோம். கராஜில் சொல்வதை அப்படியே கேட்கிறோம், கேட்ட காசைக் கொடுக்கிறோம். இந்த மாதம் பழைய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி தொல்லை தரும் ஒரு பாகத்தைப் பற்றிப் பேசுவோம். அதுதான் கிளச்.

ஊவாவில் இது வெறும் வண்டிப் பிரச்சினை அல்ல. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேலே. பசறை, மடுல்சீமை, நமுனுகுல என்று எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும் கொண்டை ஊசி வளைவும்தான். பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குள் இறங்கினால் கல்லும் குழியும் காத்திருக்கும். இப்படிப்பட்ட பாதையில் பின்னால் ஒரு மூட்டையும் முன்னால் ஒரு பையுமாகப் போகும்போது கிளச் கைவிட்டால், அன்றைய வருமானம் மட்டுமல்ல, உயிரும் ஆபத்தில் இருக்கிறது.

ஏன் பழைய வண்டி?

நம்மில் பலர் வைத்திருப்பது நாம் கடையில் தெரிவு செய்து வாங்கிய வண்டி அல்ல. கணவரோ அண்ணனோ விட்டுச் சென்றது, உறவினர் கொடுத்தது, மூன்று நான்கு கை மாறி வந்தது. 1977, 1983 வன்செயல்களின் பின் ஊவாத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அங்கே காடு வெட்டிக் குடியேறி, யுத்தத்தில் மீண்டும் எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பின் உறவினரைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பிய சகோதரிகளும் இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு லயத்து வாசலில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் சுயதொழிலுக்கு இருக்கும் ஒரே முதல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய வண்டி எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கிளச் பிளேட் தொகுதியும் ஒயிலும் கூலியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பல நாள் உழைப்பு ஒரே தடவையில் போய்விடும். ஆகவே உண்மையில் மாற்ற வேண்டியிருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்வது நமக்கு மிக அவசியம்.

கிளச் என்ன செய்கிறது?

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து இறுக்கி அழுத்துங்கள். ஒரு கையை அசைத்தால் மற்றதும் கூடவே அசையும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒரு கை அசைந்தாலும் மற்றது சும்மா இருக்கும். கிளச் செய்வது இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் என்ஜின், மறுபக்கத்தில் கியரும் சக்கரமும். இரண்டுக்கும் நடுவில் வட்டமான தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட், அடுத்தது வெறும் உருக்குப் பிளேட். ஸ்பிரிங்குகள் இவற்றை எப்போதும் இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும். இடது கை லீவரை இழுத்ததும் கேபிள் வழியாக அந்த அழுத்தம் விலகும். தகடுகள் தளரும். அப்போதுதான் கியர் மாற்றலாம்.

ஹீரோ ஹொண்டா சி.டி. 100, பஜாஜ் சி.டி. 100 போன்ற வண்டிகளில் இந்தத் தகடுகள் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே நனைந்தபடி வேலை செய்கின்றன. ஒயிலுக்கும் கிளச்சுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கோளாறு இரண்டே வகை

கிளச் நோய்கள் எத்தனை பெயரில் வந்தாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது. இரண்டும் நேர் எதிரானவை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் நோய் கூடிவிடும்.

வழுக்குவதன் அடையாளங்கள்: ஏற்றத்தில் அக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. கருகிய மணம் வரும். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். சோதித்துப் பார்க்க, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரை வீதியில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டே அக்சிலேட்டரைச் சட்டென்று திருகுங்கள். சத்தம் மட்டும் துள்ளி ஏறி வண்டி பின்தங்கினால், கிளச் வழுக்குகிறது.

விடாமல் இழுப்பதன் அடையாளங்கள்: லீவரை முழுதாக இழுத்திருந்தும் வண்டி முன்னே ஊரும். முதல் கியர் போடும்போது "டக்" என்று அடித்து என்ஜின் நின்றுவிடும். நியூட்ரலைப் பிடிப்பது பெரும் பாடாக இருக்கும். இதைச் சோதிக்க, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினைச் சூடாக்கி, லீவரை இழுத்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் சற்றுச் சுழல்வது வழமைதான். பின் பிரேக்கை மெதுவாக மிதித்ததும் சக்கரம் நிற்க வேண்டும். சக்கரத்தோடு என்ஜினும் சேர்ந்து நின்றால் கிளச் விடவில்லை என்று பொருள். இந்தச் சோதனையின்போது சேலைத் தலைப்பு, சால்வை, பிள்ளைகளின் கை எதுவும் சக்கரத்துக்கும் செயினுக்கும் அருகில் இருக்கக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது லீவரின் தளர்வு

லீவரை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சத் தூரம் பாரமில்லாமல் வரும். அதன் பிறகுதான் இறுக்கம் தெரியும். பாரமில்லாமல் வரும் அந்தத் தூரத்தைத்தான் தளர்வு என்கிறோம். கராஜில் "பிளே" என்பார்கள். ஹொண்டா வகை வண்டிகளில் லீவரின் நுனியில் இது 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பனி வண்டியென்றால் அதன் கைநூலில் உள்ள அளவைப் பாருங்கள்.

தளர்வே இல்லையென்றால், நாம் லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளச்சைச் சற்றே இழுத்துப் பிடித்திருக்கிறது. தகடுகள் முழுதாக அழுந்துவதில்லை, அதனால் வழுக்கும். தளர்வு அளவுக்கு மிஞ்சி இருந்தால், லீவரை முழுதாக இழுத்தும் தகடுகள் விலகுவதில்லை, அதனால் இழுக்கும். பார்த்தீர்களா, இரண்டு நோய்க்கும் முதல் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது!

சரிசெய்யும் முறை இது:

1. என்ஜினை நிறுத்துங்கள். லீவர் அருகே கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு திருகும், அதைப் பூட்டும் வளையமும் இருக்கும். வளையத்தைத் தளர்த்துங்கள்.

2. திருகை உள்ளே திருகினால் தளர்வு கூடும். வெளியே திருகினால் தளர்வு குறையும். அளவு வந்ததும் வளையத்தை இறுக்குங்கள்.

3. மேலே இடம் போதாவிட்டால், கேபிளின் மறுமுனையில் என்ஜினுக்கு அருகே இரண்டு நட்டுகள் இருக்கும். ஸ்பானரால் ஒன்றைத் தளர்த்தி மற்றதால் சரிசெய்து, மறுபடி இரண்டையும் இறுக்குங்கள்.

4. ஹேண்டிலை இடது பக்கமும் வலது பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தளர்வு மாறக் கூடாது. மாறினால் கேபிள் எங்கோ நசிந்திருக்கிறது அல்லது தவறான வழியாகப் போகிறது.

கேபிளும் ஒயிலும்

லீவருக்குள் கேபிளின் முனையில் ஒரு சிறு ஈயக் குமிழ் இருக்கும். அதன் அருகில்தான் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து வரும். மாதம் ஒருமுறை அங்கே பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிய கேபிள் வாங்கிவிடுங்கள். பிளேட் தொகுதியின் விலையோடு ஒப்பிட்டால் கேபிள் விலை சிறியது. மழை கூடிய நம் பகுதியில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். லீவர் பாரமாக இருந்தால் கேபிளின் மேல் முனையில் மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது கீழே இறங்கும்வரை லீவரை இழுத்து விடுங்கள்.

ஒயில் மாற்றியதிலிருந்து வழுக்கத் தொடங்கியதென்றால் என்ன ஒயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். கார்களுக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. கார் என்ஜினுக்கு அது நல்லது. ஒயிலில் நனைந்து வேலை செய்யும் நமது கிளச்சுக்கு உராய்வுதான் உயிர். போத்தலின் பின்பக்கத்தில் "ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ." என்று ஆங்கில எழுத்துகளில் இருந்தால் அது இத்தகைய கிளச்சுக்கு ஏற்றது. "எம்.பி." என்றிருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கானது. மலிவாகக் கிடைக்கிறதென்று லொறிக்கு வாங்கிய ஒயிலில் மிச்சத்தை ஊற்ற வேண்டாம்.

நீண்ட காலம் நின்ற வண்டி

உரியவர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கூடாரத்துக்குள் நின்ற வண்டியை மறுபடி ஓட்ட எடுக்கும்போது, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரை இழுத்தாலும் கிளச் விடாது. உடனே என்ஜினைக் கழற்றத் தேவையில்லை. ஒயிலை மாற்றி, நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பின் என்ஜினை நிறுத்துங்கள். இரண்டாவது கியரில் போட்டு, லீவரை முழுதாக இழுத்துப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். தனியே முடியாவிட்டால் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். பெரும்பாலும் சில தடவைகளில் தகடுகள் விட்டுக்கொடுக்கும். அப்படியும் விடாவிட்டால் கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

லீவர் இல்லாத வண்டி

நமது சகோதரிகள் பலர் ஓட்டும் ஹொண்டா 50, 70, எம்.டி. 90 வகைகளில் கிளச் லீவரே கிடையாது. 1958இல் ஜப்பானில் வந்த சுப்பர் கப் வண்டியின் வழிவந்தவை இவை. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப் பையனும் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தே அதை அமைத்தார்கள் எனச் சொல்லப்படுகிறது. லீவர் இல்லையென்றால் கிளச் இல்லை என்று பொருளல்ல. என்ஜின் வேகம் கூடும்போது கிளச் தானாகவே பிடிக்கிறது. கியர் பெடலை மிதிக்கும்போது தானாகவே விடுகிறது.

இதற்கும் சரிசெய்யும் இடம் உண்டு. என்ஜினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டும் அதன் நடுவே ஒரு ஸ்குரூவும் இருக்கும். என்ஜினை நிறுத்தி, நட்டைத் தளர்த்துங்கள். ஸ்குரூவைக் கடிகார முள் சுற்றும் பக்கம் ஒரு சுற்றுத் திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, இலேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து மறுபடி கடிகார முள் பக்கம் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை திருப்பி, ஸ்குரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அவ்வளவுதான்.

மலைப்பாதையில் மறக்கக் கூடாதவை

ஏற்றத்தில் பஸ்ஸுக்கு வழிவிட நிற்கும்போது, கிளச்சைப் பாதி விட்டு அக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது பலரது பழக்கம். தகடு தேய்வதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. பின் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். புறப்படும்போது கிளச்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுங்கள். ஓடும்போது விரல்களை லீவரில் சாய்த்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல.

இறக்கம் அதைவிட ஆபத்தானது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களில் இறக்கம் வந்ததும் என்ஜினை நிறுத்தியோ கிளச்சைப் பிடித்தோ உருளவிடும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. தட்டுப்பாடு தீர்ந்தும் பழக்கம் தீரவில்லை. கிளச்சைப் பிடித்தால் என்ஜின் வண்டியைத் தடுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆகவே ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். மிச்சமாகும் சில துளிப் பெற்றோல் நம் பிள்ளைகளின் அம்மாவை விடப் பெரிதல்ல.

கராஜில் நாம் கேட்க வேண்டியவை

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். வன்னியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பியவர். பாடசாலைச் சீருடைகள் தைத்து, தம்பியின் பழைய சி.டி. 100இல் கட்டிக்கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரு நாள் துணிமூட்டையோடு ஏற்றத்தில் வண்டி ஏற மறுத்தது. ஒரு கராஜில் பார்த்துவிட்டு, "கிளச் முழுசா போயிருச்சு தங்கச்சி, எல்லாம் மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை அவர் தையல் மெஷினுக்குச் சேர்த்து வைத்திருந்த காசுக்குச் சமம். எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் லீவர் தளர்வு பற்றிப் பேசியது அவருக்கு நினைவிருந்தது. "மொதல்ல கேபிளப் பாருங்க பாஸ், லீவர்ல பிளேயே இல்லியே" என்று கேட்டார். தம்பி புதிய கேபிள் போட்டபோது இறுக்கிக் கட்டியிருந்தார். தளர்த்தியதும் வண்டி ஏறியது. அந்தக் காசு இன்று பழைய மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷினாக இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். தளர்வும் சரி, ஒயிலும் சரி, இன்னும் வழுக்குகிறது என்றால் தகடு தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்போது மூடியைத் திறக்கத்தான் வேண்டும். வேலை தெரிந்த பாஸ்மார் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்:

கழற்றிய பிளேட்டை எனக்குக் காட்டுவீர்களா? தடிப்பை அளந்து பார்த்தீர்களா? உருக்குத் தகடு நீலம் பாய்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா? ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? என்ன ஒயில் ஊற்றப் போகிறீர்கள்?

நீலம் பாய்ந்த தகடு அளவுக்கு மிஞ்சிச் சூடேறியது, அதை மறுபடி போடக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் கையிலிருந்தால்தான் அநியாயம் நடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட முடியும். அதன் துரித தொலைபேசி இலக்கம் 1977.

ஆயுதமல்ல, ஸ்பானர்

"இதெல்லாம் பொம்பளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. யுத்தம் நடந்த பல நாடுகளில் ஆண்கள் இல்லாத வேளையில் இந்த வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், 18 வயது இளவரசி எலிசபெத் பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்து, லொறி ஓட்டவும் என்ஜின் திருத்தவும் பழகினார். பின்னாளில் 70 ஆண்டுகள் பிரித்தானியாவின் அரசியாக இருந்தவர் அவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1990களில் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் பெற்றோல் இல்லை. கார்புரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள் என்று வன்னியிலிருந்து வந்த சகோதரிகள் சொல்வார்கள். அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு கேபிள் திருகு பெரிய விடயமா? விருப்பமுள்ள இளம் பெண்கள் வாகனத் திருத்தத் துறையிலும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் தொழிற்பயிற்சி பற்றி விசாரியுங்கள். பெண்ணொருவர் நடத்தும் கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோக எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இந்த வாரமே ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லீவரில் ஒரு விரல் அகலத் தளர்வு இருக்கிறதா? கேபிள் முனையில் இழை அறுந்திருக்கிறதா? ஒயில் எப்போது மாற்றினீர்கள்? மூன்றையும் பார்த்து, பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் திகதியோடு எழுதி வையுங்கள். பக்கத்து லயத்துச் சகோதரிக்கும் காட்டிக் கொடுங்கள். அடுத்த மாதம் செயினைப் பற்றிப் பேசுவோம்.